ஸ்டெப் மார்க்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீடியோ கேம் பற்றியது. "டீச்சருக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலைக்குச் சேர்ந்து, ஆவடிப் பக்கத்துப் பள்ளிகளில் 34 வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். இது கணக்கு வாத்தியார்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் ஓர் ஆட்டத்தை மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஆட்டத்தை மிக மிக மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்து, தப்பானால் பின்னால் போய்த் திருத்தி, கடைசியில் மொத்தத்தையும் சாதாரண வேகத்தில் ஓட்டிக் காட்டுவார்கள். பார்க்கிறவனுக்கு மின்னல் மாதிரி இருக்கும். இதற்கு ஆங்கிலத்தில் டூல் அசிஸ்டெட் ஸ்பீட்ரன் என்று பெயர். சுருக்கமாக 'டாஸ்'. கருவியின் துணையோடு ஆடும் விரைவாட்டம் என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் மகள் வயிற்றுப் பேரன். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நாங்கள் கீழ் வீட்டில், அவர்கள் மாடியில். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் அவன் எடுத்துக்கொண்ட ஆட்டம் சூப்பர் மேரியோ.

தொண்ணூறுகளில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு மேரியோவைத் தெரியாமல் இருக்காது. ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்கிய டிவி கேம் பெட்டி, அதில் செருகும் மஞ்சள் கேசட். கேசட் மேலே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டமே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் ஒன்று கட்டாயம் மேரியோ. ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட ஆட்டம். மீசைக்காரர் ஒருவர் ஓடுவார், குதிப்பார், காளானை மிதிப்பார், குழாய்க்குள் இறங்குவார். மொத்தம் 32 கட்டங்கள். ரகசியக் குழாய்கள் தெரிந்தவர்கள் நடுவில் உள்ளதைத் தாண்டி எட்டே கட்டத்தில் முடித்துவிடலாம். என் மகளே சின்ன வயதில் அப்படித் தாண்டியிருக்கிறாள். அதே ஆட்டத்தைத்தான் அவள் மகன் இப்போது கம்ப்யூட்டரில் எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஆடுகிறான். எமுலேட்டர் என்றால் அந்தப் பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரல்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற அந்தப் பெட்டி நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களைத் திரையில் காட்டும். ஒரு படத்துக்கு ஃபிரேம் என்று பெயர். கையில் பிடிக்கும் கட்டையில் நான்கு திசைகளும் நான்கு பொத்தான்களுமாக எட்டு இருக்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமிலும் இந்த எட்டில் எது அழுத்தப்பட்டிருக்கிறது என்பதை மட்டும்தான் ஆட்டம் கேட்கிறது. ஐந்து நிமிடத்துக்கு எத்தனை ஃபிரேம்? 5 × 60 × 60 = 18,000. ஆக, முழு ஆட்டமும் 18,000 வரிசையும் 8 கட்டமும் உள்ள ஒரு பெரிய அட்டவணை. பேரன் திரையில் அதைத் திறந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வருகைப் பதிவேடு! பிள்ளைகள் பெயர் இருக்கும் இடத்தில் ஃபிரேம் எண். வந்தான், வரவில்லை என்பதற்குப் பதில் அழுத்தினான், அழுத்தவில்லை.

இந்தப் பதிவேடுதான் பதிவு. வீடியோ அதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்வது. பதிவேட்டை வேறு யாராவது தன் கம்ப்யூட்டரில் அதே எமுலேட்டரில் அதே ஆட்டத்தோடு ஓட்டினால், மேரியோ அதே இடத்தில் குதிப்பார், அதே காளான் சாகும். "அதிர்ஷ்டத்தில் வருவதும் உண்டே?" என்று கேட்டேன். அந்தப் பெட்டிக்குள் அதிர்ஷ்டம் என்று தனியாக ஒன்று கிடையாதாம். அதுவும் ஒரு கணக்குதான். எட்டாம் உலகத்தின் மூன்றாம் கட்டத்தில் இரண்டிரண்டாக நின்று சுத்தியல் எறியும் ஆமைகள் இருக்கின்றன. அவை எப்போது எறியும் என்பது ஃபிரேம் மாறினால் மாறுகிறது. பேரன் ஒரு ஃபிரேம் முன்னே பின்னே வந்து, ஆமை ஒதுங்கும் வேளையைத் தேடிக்கொண்டிருப்பான்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1993 டிசம்பரில் டூம் என்ற சுடும் ஆட்டம் வந்தது. அதிலேயே ஆட்டத்தைப் பதிவு செய்யும் வசதி இருந்தது. அதுவும் வீடியோ இல்லை, நொடிக்கு 35 தடவை ஆடுகிறவன் என்ன செய்தான் என்ற குறிப்பு. 1997 கடைசியில் அந்தக் கம்பெனி ஆட்டத்தின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1999-ல் ஆண்டி கெம்ப்ளிங் என்பவர் அதைத் திருத்தி, ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பதிவு செய்யவும், பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரவும் வழி செய்தார். அதே வருடம் ஜூனில் மூன்று பேர் சேர்ந்து இப்படிச் செய்த பதிவுகளுக்கென்று தனியாக ஓர் இணையப் பக்கம் திறந்தார்கள். 'கருவித் துணையோடு' என்ற பெயரையும் அப்போதே வைத்துவிட்டார்கள். பெயர் வைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆடிப் பார்த்தேன். எனக்கு விரல் மூட்டில் வாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவே அரை மணி நேரம் ஆகும். ஓடும் மேரியோவைப் பிடிக்க இந்தக் கையால் ஆகாது. ஆனால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும்போது அவசரமே இல்லை. ஒரு சாவியை அழுத்தினால் ஒரு படம் நகரும். மேரியோ அந்தரத்தில் நின்றபடி எனக்காகக் காத்திருப்பார். நான் மோர் குடித்துவிட்டு வந்து அடுத்த படத்தை நகர்த்தலாம். முதல் காளானைத் தாண்டி முதல் குழாய்க்குப் போக எனக்கு மூன்று மாலைகள் ஆயின. திரையில் அது சில நொடி.

உட்கார்ந்து செய்தால்தான் இதன் கஷ்டம் தெரியும். மெதுவாக ஆடினால் சுலபம்தானே என்று தோன்றும். காளானைத் தாண்டுவது சுலபம். எந்த ஃபிரேமில் குதித்தால் வேகம் குறையாமல் இறங்கலாம் என்று கண்டுபிடிப்பது சுலபம் இல்லை. அதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மேரியோவில் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவது 21 ஃபிரேமுக்கு ஒரு தடவைதான் நடக்கும். நம் அம்பத்தூர் ஸ்டேஷன் மாதிரி. 9.10 லோக்கலுக்கு நீங்கள் 9.02-க்கு வந்தாலும் 9.09-க்கு வந்தாலும் அதே வண்டிதான். ஒரு கட்டத்தில் ஐந்து ஃபிரேம் மிச்சம் பிடித்தால், முந்தைய வண்டியைப் பிடிக்க அது போதாவிட்டால் பிரயோஜனம் இல்லை. முந்தைய வண்டி என்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்காகப் பிள்ளை நாலு நாள் உட்கார்ந்திருப்பான். கடைசிக் கட்டத்தில் மட்டும் இந்த வண்டிக்கணக்கு கிடையாது. கோடரியைத் தொட்ட நொடியில் ஆட்டம் முடிந்தது.

இதெல்லாம் மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் செட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் பையன் அதே நாற்காலியில் இருப்பான்.

"டேய், மூணு மணி நேரமா உக்காந்திருக்கியே, எவ்ளோ முடிச்ச?"

"நாலு செகண்ட்பா."

அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம். கம்ப்யூட்டர் வயரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். மகள் நடுவில் புகுந்து இரண்டு நாளில் மீட்டுக்கொடுத்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். மாப்பிள்ளை டீ டம்ளரோடு பையன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாவி, ஒரு நகர்வு. இன்னொரு சாவி, இன்னொரு நகர்வு. டீ ஆறிப்போனதைக்கூட கவனிக்கவில்லை.

"அத்தை, இவன் செய்றது எங்க சிங்கிள் பிளாக் மாதிரி இருக்கு" என்றார்.

என்னவென்று கேட்டேன். சி.என்.சி. மெஷினுக்கு வரி வரியாகப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறார்கள். புதுப் புரோகிராமை யாரும் நேராக முழு வேகத்தில் ஓட்ட மாட்டார்களாம். சிங்கிள் பிளாக் என்ற ஸ்விட்சைப் போட்டுவிட்டால், ஸ்டார்ட் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒரு வரிதான் ஓடும், மெஷின் நின்றுவிடும். வேகத்தையும் குறைத்து வைத்துக்கொண்டு, டூல் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்து, சரி என்றால் அடுத்த வரி. டூல் போய்ச் சக்கில் மோதினால் லட்சக்கணக்கில் செலவு. எல்லா வரியும் சரியென்று தெரிந்த பிறகுதான் முழு வேகம். அப்போது பார்க்கிறவனுக்கு, மெஷின் என்ன வேகமாக வெட்டுகிறது என்று ஆச்சரியமாக இருக்கும். அதற்கு முன்னால் ஒருவன் அரை நாள் வரி வரியாக நகர்த்தியது யாருக்கும் தெரியாது.

சொல்லிவிட்டு, "ஆனா எங்களுக்குக் கடைசில ஒரு பார்ட் கைல வரும். இவனுக்கு என்ன வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேரன் பதில் சொல்லவில்லை. வயர் மறுபடி பீரோவுக்குப் போகவில்லை, அதுவே பெரிது.

மே மாதக் கடைசியில் பையன் முடித்தான். 5 நிமிடம் 3 நொடி. உலகத்தின் மிகச் சிறந்தவர்கள் வெறும் கையாலேயே 2021 ஏப்ரலில் 4 நிமிடம் 55 நொடிக்குள் வந்துவிட்டார்கள். கருவித் துணையோடு செய்த மிகச் சிறந்த ஆட்டத்துக்கும் அவர்களுக்கும் இடைவெளி ஒரு நொடிகூட இல்லை. நம் பையன் கருவியோடு எடுத்ததைவிட அவர்கள் கை வேகம் அதிகம். இருந்தாலும் அவன் அளவில் இது பெரிய வேலை. வீடியோவாக்கி வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டான். போடும்போது அவன் எழுதியது ஒரே வரி: 'மேரியோ, 5:03.'

தான் கையால் ஆடியதாக அவன் சொல்லவில்லை. ஆடவில்லை என்றும் சொல்லவில்லை. குழுவில் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. ஜூனில் பதினொன்றாம் வகுப்பு தொடங்கியபோது அவனுக்குப் பெயரே மேரியோ என்று ஆகியிருந்தது. பத்தாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் மூன்றாம் பெஞ்சில் இருந்த பிள்ளை. அந்தப் பெயர் அவனுக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கூடப் படிக்கும் ஒரு பையனின் அண்ணனுக்கு கேமிங் கடை நடத்துகிறவரைப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய டிவியில் எல்லோர் முன்னாலும் இவன் ஆடிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

அந்த வாரம் பிள்ளை இரண்டு தோசையோடு எழுந்துவிட்டான். வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கீழே இறங்கி வந்தான்.

"பாட்டி, ஞாயித்துக்கெழம ஜுரம்னு சொல்லிடவா?"

"சொல்லலாம். அடுத்த ஞாயித்துக்கெழம?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே ஒரு கதை சொன்னான். 2003 கடைசியில் மோரிமோட்டோ என்ற ஜப்பானியர் மேரியோ மூன்றாம் பாகத்தைப் பதினோரு நிமிடத்தில் முடித்த வீடியோ இணையத்தில் பரவியது. பார்த்தவர்களில் பலர், ஒரு மனிதர் ஒரே மூச்சில் ஆடியது என்று நம்பினார்கள். எமுலேட்டரில் மெதுவாகச் செய்து சேர்த்தது என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஆத்திரம். ஏமாற்று வேலை என்று திட்டினார்கள். அடுத்த மாதமே, டிசம்பரில், பின்லாந்துக்காரர் ஜோயல் யிலிலுவோமா இப்படிப்பட்ட பதிவுகளுக்கு ஒரு தளம் தொடங்கினார். இன்றைக்கு டாஸ்வீடியோஸ் என்று இருப்பது அதுதான். அங்கே வரும் வீடியோக்களின் தொடக்கத்திலேயே, இது கருவித் துணையோடு செய்தது என்று எழுத்தில் காட்டிவிடுகிறார்கள்.

"இவ்வளவும் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் பாட்டி."

திட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. தெரிந்திருந்ததால்தானே சாப்பாடு இறங்கவில்லை. லேப்டாப்பை எடுத்துவரச் சொன்னேன். "வீடியோ வேணாம், அந்த ரெஜிஸ்டரைத் திற" என்றேன்.

திறந்தான். மேலே சில வரிகள் இருந்தன. எந்த ஆட்டம், செய்தவர் யார் என்ற விவரங்கள். அவற்றோடு ஓர் எண்: 6,214.

"இது என்ன?"

"எத்தனை தடவ பின்னாடி போய்த் திருப்பிப் பதிவு பண்ணேன்னு. அதுவே எண்ணிக்கும்."

நண்பர்களே, 34 வருடத்தில் ஆயிரக்கணக்கான நோட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். ஒரு கணக்கை ஏழாவது முறை போட்டுப் பார்த்த பிள்ளையையே விரல் விட்டு எண்ணலாம். இவன் ஆறாயிரத்துச் சொச்சம் தடவை அழித்து எழுதியிருக்கிறான். அந்த எண்ணைத்தான் ஒளித்துவிட்டு வெறும் 5:03-ஐ வெளியே காட்டியிருக்கிறான்.

"இத ஏண்டா சொல்லல?"

"கையால ஆடலன்னு தெரிஞ்சா கேவலமா நெனப்பாங்க."

கணக்கு டீச்சர்களுக்கு இது பழக்கமான இடம். கணக்குத் தாளில் விடைக்கு மட்டும் முழு மதிப்பெண் கிடையாது. ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. கடைசி வரியில் கூட்டல் தப்பிப்போன பிள்ளைக்கும் ஐந்துக்கு மூன்றோ நான்கோ கிடைக்கும். விடையை மட்டும் பளிச்சென்று எழுதி, வழி ஒன்றும் இல்லாத தாளைப் பார்த்தால் நாம் பக்கத்து ரோல் நம்பர் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். பேரன் செய்து வைத்திருந்தது 18,000 ஸ்டெப். ஒரு ஸ்டெப்பும் விடுபடவில்லை. இதைவிட முழுமையான விடைத்தாளை நான் பார்த்ததில்லை. அதைக் கிழித்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் நீட்டியிருந்தான்.

ஸ்டெப் இல்லாத விடை எவ்வளவு காலம் உலகத்தை ஏமாற்றும் என்பதற்கும் இந்த விளையாட்டு உலகத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆக்டிவிஷன் கம்பெனி 1980-ல் வெளியிட்ட டிராக்ஸ்டர் என்று ஒரு கார் பந்தய ஆட்டம், ஆறு நொடிக்குள் முடிகிற சின்ன ஆட்டம். 1982-ல் ஓர் அமெரிக்கர் அதை 5.51 நொடியில் முடித்ததாகச் சொல்லி, அது சாதனையாகப் பதிவாகியது. கின்னஸ் வரைக்கும் போனது. 2017-ல் எரிக் கோசியல் என்பவர் ஆட்டத்தின் நிரலைப் பிரித்துப் படித்து, கணக்கு போட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் பிசகாமல் செய்தாலும் 5.57-க்குக் கீழே போகவே முடியாது என்று வந்தது. 2018 ஜனவரியில் சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்ஸிஸ் அமைப்பு அந்த 5.51-ஐ நீக்கியது. 35 வருடத்துக்கு மேல் நின்ற பொய் அது. மெதுவாக, வரி வரியாகப் பார்க்கிற இந்த வேலைதான் அதை வெளியே கொண்டுவந்தது. இதை ஏமாற்று வேலை என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர்க்காரரைப் பற்றியும் பேரனிடம் சொன்னேன். நம் விஸ்வநாதன் ஆனந்த். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்பெயினின் லியோன் நகரத்தில் ஒரு புதுவிதச் செஸ் போட்டி தொடங்கினார்கள். ஆடுகிறவர் இருவர் பக்கத்திலும் கம்ப்யூட்டர் இருக்கும், அதைப் பார்த்து யோசித்து ஆடலாம். 1998-ல் காஸ்பரோவும் டோபலோவும் ஆடினார்கள். 1999-ல் ஆனந்த் கார்போவை வென்றார். அதற்காக ஆனந்தை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் மேஜை மேலே இருந்தது. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அங்கே ஆடுகிறவர் சட்டைப்பைக்குள் ஒரு செல்போன் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? கருவி ஒன்றுதான். மேஜை மேல் இருக்கிறதா, பைக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"புரியுது பாட்டி. ஆனா ஞாயித்துக்கெழம என்ன பண்றது?" என்றான். பிள்ளைகளுக்கு நம் உதாரணம் எல்லாம் முடிந்த பிறகு இந்தக் கேள்விதான் மிச்சம் இருக்கும். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. "அப்பாகிட்ட சொல்லு" என்றேன். அவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டான். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்:

"எங்க கம்பெனில ஜாப் வண்டில ஏறும்போது கூட என்ன போகும் தெரியுமா? இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். அது இல்லாம ஒரு பீஸ் வெளிய போவாது. போனா திரும்பி வந்துரும். நீ ரிப்போர்ட் இல்லாம அனுப்பிட்ட. இப்ப ரிப்போர்ட்ட எடுத்துக்கினு போ. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பைக்கில் போனார்கள். நான் போகவில்லை. வந்து சொன்னதை எழுதுகிறேன். முதலில் கையால் ஆடச் சொன்னார்கள். ஆடினான். எட்டாம் உலகம் வரைக்கும் போய், அதன் முதல் கட்டத்திலேயே பள்ளத்தில் விழுந்தான். மறுபடி ஆடினான், மறுபடி அங்கேயே. பிறகு லேப்டாப்பை டிவியில் இணைத்து, பதிவேட்டைத் திறந்து, இப்படித்தான் செய்தேன் என்று காட்டினான். நாலைந்து பேர் "டூப்பு" என்று கத்தினார்கள். இரண்டு பேர் எழுந்து போய் வேறு ஆட்டம் ஆடத் தொடங்கினார்கள். ஏற்பாடு செய்த பையனுக்குத்தான் அதிகக் கோபம், அண்ணன் முன்னால் அவன் மானம் போயிற்று. அது நியாயம்தான். அவனிடம் இவன் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

கடைசி வரை உட்கார்ந்திருந்த ஒரு பையன் மட்டும், "அந்த 21 ஃபிரேம் கணக்கை இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டானாம்.

அன்று ராத்திரி பேரன் வகுப்புக் குழுவில் பதிவேட்டுக் கோப்பைப் போட்டான். கூடவே எழுதினான்: கையால் ஆடியது இல்லை. எமுலேட்டரில் ஃபிரேம் ஃபிரேமாகச் செய்தது. 6,214 தடவை திருத்தியது. யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம்.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று எழுத மாட்டேன். மேரியோ என்ற பெயர் போய் டூப்பு என்ற பெயர் கொஞ்ச நாள் இருந்தது. இன்னும் இரண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். முன்பு போல இரண்டு தோசையோடு எழுவதில்லை, எனக்கு அது போதும்.

மாப்பிள்ளை கேட்ட கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. கடைசியில் கையில் என்ன வரும்? நான் யோசித்துப் பார்த்தேன். 2014 ஜனவரியில் அமெரிக்காவில் நன்கொடை திரட்டும் ஒரு விளையாட்டு விழாவில், டாஸ்பாட் என்ற சின்ன ரோபோ பொம்மையை உண்மையான கேம் பெட்டியோடு இணைத்துக் காட்டினார்கள். முன்கூட்டியே எழுதிய பொத்தான் பதிவேட்டை அது பெட்டிக்குள் செலுத்தியது. மேரியோ ஆட்டத்துக்குள்ளேயே வேறு இரண்டு ஆட்டங்கள் கிளம்பி ஓடின. ஒரு நிரல் உள்ளே எப்படி இயங்குகிறது, அதன் நினைவகத்தில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று படித்தவர்களால்தான் அது முடியும். என் பேரன் அந்த அளவுக்குப் போவானா, தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் சயன்ஸ் புத்தகத்தில் பதினாறின் அடிமான எண்கள் பாடம் வந்தபோது, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேரியோ நிற்கும் இடத்தை அந்த எண்களில்தான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "பாக்கலாம் அத்தை" என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே அதிகம்.

இப்போது வீடுகளில் வேறு கருவிகள் வந்துவிட்டன. கட்டுரையைக் கருவி எழுதித் தருகிறது, கணக்கையும் போட்டுத் தருகிறது. பிள்ளைகள் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயரைக் கழற்றி பீரோவில் வைத்தாலும் இரண்டு நாளில் மீட்டுக்கொடுக்க ஓர் அம்மா இருப்பாள். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். எதைக் கொண்டு செய்தாய், எத்தனை தடவை திருத்தினாய், எந்த வரி உன்னுடையது என்று கேளுங்கள். சொல்லிவிடுகிற பிள்ளைக்கு அதற்கென்று மார்க் போடுங்கள். மார்க் போட்டால் சொல்வார்கள். கேவலமாக நினைப்பார்கள் என்ற பயம் இருக்கும் வரைக்கும் ஒளிக்கத்தான் செய்வார்கள்.

சனிக்கிழமைகளில் இப்போது இரண்டு பையன்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவன் அன்று கணக்கு கேட்டவன். இன்னொருவன் அன்று "டூப்பு" என்று கத்தியவர்களில் ஒருவன். மூன்று பேரும் எட்டாம் உலகத்தின் சுத்தியல் ஆமைகளிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வண்டி முன்னதாகப் பிடிக்க வேண்டுமாம். நான் பஜ்ஜி போட்டுக் கொடுக்கிறேன்.

என் ஆட்டமும் நடக்கிறது. முதல் உலகத்தின் முதல் கட்டத்தை முடித்துவிட்டேன். 41 நொடி. திருத்திய எண்ணிக்கை 1,937. கோப்பில் செய்தவர் பெயர் என்ற இடத்தில் பேரன் என் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். யாருக்காவது பார்க்க வேண்டும் என்றால் உள்பெட்டியில் கேளுங்கள், கோப்பையே அனுப்பச் சொல்கிறேன்.